நிறுத்துனது யாரு

காலேஜுகள்ல புதுசா பி.டி. டீச்சராச் சேர்ந்திருக்கற கண்ணுகளா, எப்படிப் பயிற்சி குடுக்கறதுன்னு நான் உங்களுக்குச் சொல்லப் போறதில்ல. அதுக்கு என்னைவிட நல்லாச் சொல்ற ஆளுக இருக்காங்க. திருப்பூர்ல ஒரு பெண்கள் காலேஜ்ல இருபத்தெட்டு வருஷம் கழுத்துல விசிலோட திரிஞ்சவ நான். அதுல ஒரே ஒரு சாயங்காலத்தை மட்டும் சொல்றேன். அன்னைக்கு ஒருத்தியோட வேலை என்ர வாயில இருந்துச்சு. அன்னைக்கு நான் பண்ணுன காரியத்தை நீங்க யாரும் பண்ணீரக் கூடாது.

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கறேன். எனக்கு பாஸ்கட்பால் தெரியாது. நான் வட்டெறிதல் ஆளு. காலேஜுக்கு ஒரே பி.டி., எல்லா ஆட்டத்துக்கும் அவளேதான் கோச்சு. ரூல் புக்கை மனப்பாடமாச் சொல்லுவேன், கோடு எத்தனை மீட்டர், பந்தை எத்தனை செகண்டு வெச்சிருக்கலாம்னு எல்லாம் அத்துப்படி. ஆனா ஒரு புள்ள ஏன் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாத் திரும்பறாள்னு கேட்டா முழிப்பேன்.

அது தெரிஞ்சவ எஸ்தர். கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். தூத்துக்குடிப் பக்கம், பள்ளிக்கூட நாள்ல மாவட்ட டீமுக்கு ஆடுனவ. கல்யாணமாகிப் புருஷனோட திருப்பூருக்குப் பொழைக்க வந்து, அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனியில ஏழு வருஷம் தையல் மிஷின்ல உக்காந்தவ. அப்புறம்தான் எங்க லேப்ல டெம்ப்ரரியாச் சேர்ந்தா. ஒரு நாள் பந்து லேப் வாசலுக்கு உருண்டு போச்சு. எடுத்துட்டு வந்தவ குடுத்துட்டுப் போகோணுமில்ல? போகல. எங்க உசரமான புள்ளையைப் பாத்து, "ஏட்டி, காலை விரிச்சு நில்லு. ஒன்ன ஒரு கோழி வந்து முட்டினாக்கூட விழுந்துருவ"ன்னா. புள்ளைக சிரிச்ச சிரிப்பு இருக்கே! எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. ஆனா பத்து நிமிஷத்துல அந்தப் புள்ள நின்ன நிலையே மாறிப் போச்சு. நான் வாயை மூடிட்டேன்.

அன்னையிலிருந்து நாலு மணிக்கு லேப்பைப் பூட்டிட்டு எஸ்தர் கோர்ட்டுக்கு வந்துருவா. அஞ்சரை வரைக்கும் அவ ராஜ்ஜியம். அப்படி நாலு வருஷம். பேரு கூட வராத எங்க காலேஜு, மண்டலப் போட்டியில மூணாவது வந்துச்சு, அப்புறம் ரெண்டாவது வந்துச்சு. ஷீல்டு பிரின்சிபால் ரூம்ல இருந்துச்சு. பக்கத்துல ஃபோட்டோவுல யாரு? நானு. பட்டுச்சேலை கட்டிட்டு, ஈன்னு இளிச்சுட்டு.

அஞ்சாவது வருஷம் சுற்றறிக்கை வந்துச்சு. ஏதோ ஒரு பெரிய காலேஜ்ல, வெளியூரு கோச்சு ஒருத்தரை ஆபீஸ் கிளார்க்குன்னு பேருக்குச் சேத்து, டீமைப் பழக்கியிருக்காங்க. அது தெரிஞ்சு பெரிய ரகளையாயி, போட்டிக் கமிட்டி ஒரு விதி போட்டுச்சு. கோச்சுன்னு பேரு குடுத்தவரைத் தவிர, காலேஜோட வேற எந்த ஊழியரும் பயிற்சியில சொல்லிக் குடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. பந்து எடுத்துக் குடுக்கலாம், தண்ணி குடுக்கலாம், எதிராளியா நின்னு ஆடலாம். அவ்வளவுதான். கமிட்டி ஆளு எப்ப வேணா வந்து பயிற்சியைப் பாப்பாங்க. மீறினது தெரிஞ்சா டீமு வெளிய. அந்த ஊழியர் மேல நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் போகும்.

கடைசி வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன். ஏன்னா அந்த மாசம்தான் எஸ்தரை நிரந்தரம் பண்ற ஃபைலு நிர்வாகத்துக்குப் போயிருந்துச்சு. அஞ்சு வருஷமா அந்த ஒரு ஆர்டருக்குத்தான் காத்துட்டிருந்தா. அவ புருஷனுக்கு சாயப்பட்டறையில வேலை செஞ்சு மூச்சுத் தொந்தரவு, பாதி நாளு ஊட்டுலதான். ரெண்டு புள்ளைக. இந்த வேலை போச்சுன்னா திரும்பவும் பனியன் கம்பெனி, காலையில எட்டரைக்கு உக்காந்தா ராத்திரி எட்டுக்கு எந்திரிக்கறது. "மேடம், இனி அந்த மிஷின்ல உக்காந்தா என் இடுப்பு தாங்காது"ன்னு அவளே என்கிட்டச் சொல்லியிருக்கா.

கூப்புட்டுச் சொன்னேன். "எஸ்தர், இனிமே கோர்ட்டுல வாயைத் தெறக்கக் கூடாது. எதிராளியா நில்லு, பந்து எடுத்துக் குடு. ஒரு வார்த்தை வரக் கூடாது."

"நான் வராமலே இருந்துருதேன் மேடம். அதாம் நல்லது."

அதுதான் சரியான யோசனை. அப்பவே ஆமான்னு தலையாட்டியிருக்கோணும். ஆனா அவ வராட்டி டீமு என்ன ஆகும்? அந்த வருஷம் முதலிடம் வாங்கிருவோம்னு பிரின்சிபால்கிட்ட நான் வேற பீத்திட்டு இருந்தேன். "வா, சும்மா நில்லு"ன்னுட்டேன்.

அவ வாயைத் தெறக்கல. ஆனா பத்து நாள்ல அவ கை பேச ஆரம்பிச்சுருச்சு.

உங்கள்ல வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். தையல் மிஷின் நூறு ஒண்ணா ஓடற எடத்துல கத்துனாலும் காதுல விழாது. எல்லாம் கைச்சாடைதான். ரெண்டு விரலைக் கத்திரி மாதிரி காட்டுனா நூலை வெட்டு. கழுத்தைத் தொட்டா காலர் பீஸைக் கொண்டா. தொடையில ரெண்டு தட்டு தட்டுனா, தையல் தப்பாப் போகுது, பெடல்ல இருந்து காலை எடு. எங்க டீம்ல பன்னெண்டு புள்ளைக, அதுல பத்துப் பேரு பனியன் கம்பெனிக் குடும்பம். லீவுல அவங்களும் செக்கிங் டேபிள்ல நின்னவங்கதான். எஸ்தரு கத்திரி காட்டுனா, புள்ள குறுக்க வெட்டி உள்ள ஓடும். கழுத்தைத் தொட்டா, ரிங்குக்குக் கீழ பந்தைக் குடுக்கும். தொடையில தட்டுனா, அத்தனை பேரும் நின்ன எடத்துல நிப்பாங்க.

கை பேச ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே இதை நான் கண்டுபிடிச்சுட்டேன். கண்டுபிடிச்சு என்ன பண்ணினேன்? சந்தோசப்பட்டேன். வாயால சொல்லிக் குடுக்கலையே, கைதானே ஆட்டறா, விதியில கையைப் பத்தி எங்க இருக்குதுன்னு என்ர மனசுக்குள்ளயே ஒரு வக்கீலைப் புடிச்சு வெச்சுட்டேன். ஆனா உள்ளுக்குள்ள பயம் போகல. கேட்டோரம் ஒரு பைக்கு நின்னாலும் யாருன்னு எட்டிப் பாப்பேன். செல்போன்ல கேமரா வந்த புதுசு. எவனாவது தெரியாத ஆளு போனைத் தூக்குனா, என்ர பார்வை முதல்ல எஸ்தரு கைக்குத்தான் போகும்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கறப்ப கமிட்டி ஆளு வந்துட்டாரு. கோயமுத்தூர்ப் பக்கம் ரிட்டயர்டு ஆன பி.டி., வெள்ளை டீசர்ட்டு, நோட்டுப் புஸ்தகம். "ஏனுங்க மேடம், நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க. நான் அப்படி ஓரமா உக்காந்துக்கறேன்"னு சொல்லி ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. தன்மையான மனுசன். அதுவே எனக்கு இன்னும் பயத்தைக் கெளப்புச்சு.

எஸ்தரு கோர்ட்டுல எதிராளியா நின்னுட்டிருந்தா. நான் கண்ணாலயே சொன்னேன், கையை வெச்சுட்டு சும்மா இருன்னு. அவளுக்கும் புரிஞ்சுது. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா. எதிராளியா ஆடறவ கையைக் கட்டிட்டு நின்னா அதுவே பாக்கக் கண்றாவியா இருக்குமே! "கையைத் தூக்கி ஆடு எஸ்தர்"னு நானே கத்த வேண்டியதாப் போச்சு. பவர் கட் நேரம் வேற, பக்கத்துக் கம்பெனி ஜெனரேட்டரு டுடுடுன்னு ஓடிட்டு இருந்துச்சு. புள்ளைக பந்தைத் தவற விடறாங்க, மோதிக்கறாங்க. எஸ்தரு கல்லாட்டம் மூஞ்சியை வெச்சுட்டு ஆடறா. இருவது நிமிசம் போச்சு. இன்னும் பத்து நிமிசம் தாண்டிட்டா அவரு எந்திரிச்சுப் போயிருவாருன்னு நான் வாட்ச்சையே பாத்துட்டு இருந்தேன்.

அப்பத்தான் தொடையில ரெண்டு தட்டு.

எஸ்தரு கைதான். மிஷின் சுவிட்சை அணைச்ச மாதிரி அத்தனை புள்ளைகளும் அப்படியே நின்னுட்டாங்க. பந்து மட்டும் தனியா உருண்டு போயி அந்த மனுசன் கால்ல முட்டுச்சு. அவரு நோட்டுல இருந்து தலையைத் தூக்குனாரு.

"விசில் கேக்கலையே. நிறுத்துனது யாருங்க மேடம்?"

கண்ணுகளா, அந்த ஒரு நொடியில என்ர தலைக்குள்ள ஓடுனது இதுதான். எஸ்தர்னு சொன்னா அவ ஆர்டர் போச்சு, டீமு போச்சு. நான்னு சொன்னா எல்லாம் பொழைச்சுது.

"நாந்தானுங்க"ன்னேன்.

"அப்படீங்களா. எதுக்குங்க நிறுத்துனீங்க?"

எதுக்கு? எனக்கு எப்படித் தெரியும்? எஸ்தரைப் பாத்தேன். அவ பேச முடியாம நிக்கறா. அவ கண்ணு பர்வீன் மேல இருந்துச்சு. பர்வீன்தான் எங்க டீமுக்கே உசுரு, பந்தை எடுத்துட்டு வர்ற புள்ள. அவங்கப்பா பனியன் வேஸ்ட் யாவாரம் பண்றவரு. சரி, பர்வீன் ஏதோ தப்பா ஆடறா போலன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

"இந்தப் புள்ள டிஃபென்ஸ்ல சரியா நகர மாட்டேங்குதுங்க."

"அப்பத் திருத்துங்க மேடம், பாக்கறேன்"னு சொல்லிட்டு அவரு பேனாவை மூடி வெச்சுட்டு, பாக்க உக்காந்துட்டாரு.

நான் கோச்சு மாதிரி கோர்ட்டு நடுவுக்குப் போனேன். "பர்வீன், என்ன தூங்கறயா? காலை நல்லா வளைச்சு உக்காரு. சைடுல போ. எடது பக்கம். இன்னும் வேகமா!"

அந்தப் புள்ள என்ர மூஞ்சியைப் பாத்தா. வளைஞ்சு உக்காந்து எடது பக்கம் ரெண்டு எட்டு வெச்சா. உதட்டைக் கடிச்சுட்டு மூணாவது எட்டுக்கு காலைத் தூக்கறதுக்குள்ள, எஸ்தரு ஓடி வந்து ரெண்டு கையாலயும் அவளைப் புடிச்சுட்டா.

"போதும்ட்டீ. உக்காரு. உக்காரு சொல்லுதேன்."

அப்புறம் என்னைப் பாத்துத் திரும்புனா. அவ அப்படி என்னைப் பாத்து நான் பாத்ததில்ல. "மேடம், இந்தப் பிள்ளைக்கு எடது மூட்டு சரியில்ல. இன்னைக்கு வந்ததுல இருந்து அந்தக் காலுல பாரமே குடுக்கல. நீங்க பாக்கலியா?"

அந்தப் பெரியவரும் எந்திரிச்சு வந்தாரு. பர்வீன் டிராக் பேன்ட்டை முட்டிக்கு மேல தூக்குனா. பனியன் கழுத்துக்கு வெக்கற ரிப் துணியைக் கிழிச்சு, சுத்திச் சுத்தி இறுக்கிக் கட்டியிருக்கறா. அவுத்தா, தேங்கா மாதிரி வீங்கியிருக்குது முட்டி. ஞாயித்துக்கெழமை படியில வழுக்கி விழுந்தாளாம். சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்கன்னு அந்தப் புள்ளைக்கு பயம். அன்னைக்கு அந்தக் கோர்ட்டுல ஆளாளுக்கு ஒரு பயம்.

அந்தப் பெரியவரு என்கிட்ட ரெண்டாந்தடவை கேட்டாரு. கொரலை ஒசத்தக் கூட இல்ல. "மேடம், மறுபடியும் கேக்கறேன். நிறுத்துனது யாரு?"

அவரு எனக்குக் கதவைத் தெறந்து வெச்சுட்டுத்தான் கேட்டிருக்காரு. எனக்குத்தான் தெரியல. எஸ்தரு தரையைப் பாத்துட்டு நிக்கறா. புள்ளைக அத்தனை பேரும் என்ர வாயைப் பாக்கறாங்க.

"நாந்தானுங்க சார்"ன்னு மறுபடியும் சொன்னேன்.

அவரு நோட்டை எடுத்தாரு. "அந்தம்மா நிறுத்துனாங்கன்னு சொல்லியிருந்தா நான் கும்புடு போட்டுட்டுக் கெளம்பியிருப்பேனுங்க. சுற்றறிக்கையில பின்பக்கமே போட்டிருக்குது, புள்ளைகளுக்கு ஆபத்துன்னா யாரு வேணா நிறுத்தலாம், வாட்ச்மேன் கூட நிறுத்தலாம். ஆனா நீங்க நிறுத்துனேங்கறீங்க. எதுக்குன்னே தெரியாம எப்படிங்க நிறுத்துனீங்க? உங்க வாயே தெறக்காம பன்னெண்டு பேரும் எப்படிங்க நின்னாங்க?"

அவரு போனப்புறம் ஓடிப் போயி ஃபைலைப் பிரிச்சேன். அட கெரகமே, பின்பக்கம் இருந்துச்சு. முன்பக்கத்துல பயந்தவ பின்பக்கத்தைத் திருப்பவே இல்ல. அவளைக் காப்பாத்தறேன்னு நான் சொன்ன பொய்யிதான் அவ கழுத்துல சுருக்குப் போட்டிருச்சு.

நாலாம் நாளு பிரின்சிபாலுக்கு ரிப்போர்ட் வந்துச்சு. லேப் ஊழியர் கைச்சாடையில பயிற்சி குடுக்கறார், பதிவு பண்ணுன கோச்சு அதை மறைக்கறார், ஒரு வாரத்துல விளக்கம் வேணும்னு இருந்துச்சு. பிரின்சிபால் மேடம் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "அந்தம்மா டெம்ப்ரரிதானே? இந்த மாசத்தோட நிறுத்திட்டா விளக்கம் எழுதறது சுலபம். நீங்க ஏன் மாட்டிக்கறீங்க?"ன்னாங்க.

என்ர மூஞ்சியில ஓங்கி அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அதைவிடக் கேவலம் என்னன்னா, ஒரு நிமிசம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஆமா, இருந்துச்சு. அதை மறைச்சு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.

மூணு நாளு சோறு எறங்கல. லேப் பக்கம் போகவே பயம். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிட்டு இருப்பா, என்னைப் பாத்ததும் "வாங்க மேடம்"னு எப்பவும் போலக் கூப்புடுவா. ஒரு வார்த்தை கேக்க மாட்டா. கேட்டிருந்தாக் கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு. அந்த மாசக் கடைசிக்கு ஒன்பது நாளுதான் பாக்கி.

நாலாம் நாளு காலையில உக்காந்து எழுதுனேன். எனக்கு பாஸ்கட்பால் சொல்லித் தரத் தெரியாது. நாலு வருஷமா சொல்லித் தந்தது எஸ்தர். விதி வந்தப்புறம் ஒதுங்கிக்கறேன்னு சொன்னவளை வரச் சொன்னது நான். கைச்சாடை தெரிஞ்சும் விட்டது நான். அன்னைக்கு அவ நிறுத்துனது புள்ளையைக் காப்பாத்த. ரெண்டு தடவை பொய் சொன்னதும் நான். பிரின்சிபால் படிச்சுட்டு, "இது உங்க சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஏறும், தெரியுமில்ல?"ன்னாங்க. "ஏறட்டுங்க மேடம்"னேன். சொல்றப்ப தைரியமாத்தான் இருந்துச்சு. வெளிய வந்தப்புறம்தான் எழுதுனதை ஒவ்வொரு வரியா நெனைச்சுப் பாத்தேன்.

கமிட்டி எங்க டீமை அந்த வருஷப் போட்டியில இருந்து எடுத்துருச்சு. கடைசி வருஷப் புள்ளைக நாலு பேரு என்ர ரூம்ல உக்காந்து அழுதாங்க. நான் என்னத்தைச் சொல்லி ஆத்தறது? என்ர ரிஜிஸ்டர்ல செவப்பு மையில ஏறுச்சு, ரிட்டயர்டு ஆகற வரைக்கும் இருந்துச்சு. பர்வீனுக்கு ஜவ்வு பாதி கிழிஞ்சிருந்துச்சு, ஆறு வாரம் கட்டு. இன்னொரு தடவை திரும்பியிருந்தா முழுசாப் போயிருக்கும்னாரு டாக்டரு.

எஸ்தருக்கு ஆர்டர் வந்துச்சு. நிரந்தரம். ஆனா கூட ஒரு தாளு இருந்துச்சு, இனி எந்தக் காரணத்துக்காகவும் விளையாட்டு மைதானத்துல எறங்க மாட்டேன்னு. பிரின்சிபால் ரூம்ல நின்னுட்டே கையெழுத்துப் போட்டா. நான் பக்கத்துல நின்னேன். பேனாவை மூடி மேஜையில வெச்சுட்டு, "தேங்க்ஸ் மேடம்"னு அவங்களுக்குச் சொல்லிட்டு வெளிய வந்தா.

வராண்டாவுல என் பின்னாலயே வந்தவ, மெதுவாக் கேட்டா. "மேடம், நான் ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நாந்தான்னு ரெண்டு தடவை சொன்னீங்களே. எனக்காவச் சொன்னீங்களா, ஒங்களுக்காவச் சொன்னீங்களா?"

கோவமாக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. நான் விசில் கயித்தை விரல்ல சுத்திட்டு நின்னேன். அவ அதைப் பாத்துட்டு, "சரி மேடம், பிராக்டிகல் இருக்கு"ன்னு சொல்லிட்டு லேப்புக்குப் போயிட்டா. அப்புறம் எத்தனையோ வருஷம் ஒரே கட்டடத்துல இருந்தோம். அவ அந்தக் கேள்வியை மறுபடியும் கேக்கல. நான் பதிலும் சொல்லல.

முதல் தடவை சொன்னது, சத்தியமா அவளுக்காகத்தான். ரெண்டாவது தடவை சொன்னப்ப பர்வீனோட முட்டி என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. உண்மையைச் சொன்னா, அந்தப் புள்ளையை நாந்தான் அந்தக் காலோட ஓட விட்டேன்னு ஆகும். அது எனக்காகச் சொன்னது, எஸ்தர்.

அவகிட்டச் சொல்ல முடியாததை உங்ககிட்டச் சொல்லிட்டேன். யாராவது உங்களை, நிறுத்துனது யாருன்னு கேப்பாங்க. அவங்க ரெண்டாந்தடவை கேக்கற வரைக்கும் இருக்காதீங்க.